வகுப்பில் ஆய்வுக்கட்டுரை வாசியுங்கள்: தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், ராஜர்ஹாட் வயல்வெளிகளின் மேல் எழுந்த நியூ டவுனிலிருந்து இதை எழுதுகிறேன். இங்கே ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் இயற்பியல் கற்பிக்கிறேன். நான் படித்ததும் முதலில் பாடம் எடுத்ததும் தமிழ்நாட்டில்தான். உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. முதுகலை வகுப்பில், முடிந்தால் இளங்கலை மூன்றாம் ஆண்டிலும், வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை ஆய்வுக்கட்டுரை வாசிப்பதற்கென்றே கால அட்டவணையில் ஒதுக்குங்கள். வகுப்பில் இருக்கும் எல்லோர் கையிலும் ஒரே கட்டுரை இருக்க வேண்டும். அதை அங்கேயே, சேர்ந்து, வரிவரியாகப் படிக்க வேண்டும்.

செமினார் ஏற்கெனவே இருக்கிறதே என்று சொல்வீர்கள். அது வேறு. செமினாரில் ஒரு மாணவி பவர்பாயிண்ட் தயாரித்துக்கொண்டு வருகிறாள், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் பேசும் கட்டுரையை அவர்களில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். பல சமயம் மதிப்பெண் போடும் ஆசிரியருக்கும் படிக்க நேரம் இருந்திருக்காது. பேசி முடித்ததும் கைதட்டல், அடுத்த பெயர். இரவெல்லாம் அந்தக் கட்டுரையோடு மல்லுக்கட்டிய பெண்ணுக்கு, எந்தப் பத்தியில் சிக்கிக்கொண்டாள் என்று சொல்வதற்கே இடமில்லை. புரியாத இடங்களைத் திரையில் காட்டாமல் மறைப்பதைத்தான் செமினார் அவளுக்குக் கற்றுத்தருகிறது. ஆராய்ச்சி தொடங்குவதோ அந்தப் புரியாத இடத்தில்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஒன்றிய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300 நிறுவனங்கள். நூலகத்தில் அந்த இதழ் இல்லை, வாங்கப் பணமில்லை என்று அரசுக் கல்லூரியில் நாம் பல காலம் சொல்லிவந்த பதில் இனிமேல் செல்லாது. தனியார் நிறுவனங்கள் இந்தச் சுற்றில் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் ஆர்க்கைவ் போன்ற திறந்த களஞ்சியங்களில் ஒரு வகுப்புக்குப் போதுமான கட்டுரைகள் எப்போதோ வந்துவிட்டன.

வாசல் திறந்த அதே காலத்தில் ஒரு படி காணாமல் போனது. 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறைகளோடு எம்.ஃபில். முடிவுக்கு வந்தது. அந்தப் பட்டத்தைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும், தமிழ்நாட்டில் நம் தலைமுறை ஆசிரியர்கள் பலர் ஓர் ஆய்வுக்கட்டுரையை முதன்முதலாக முழுதும் படித்தது எம்.ஃபில். ஆண்டில்தான். இப்போது பாடப்புத்தகத்தை மட்டுமே பார்த்த ஒருவர் நேராக முனைவர் பட்ட ஆய்வில் வந்து நிற்கிறார். போதாததற்கு, எந்த இதழை நம்பலாம் என்று சொல்லிவந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யுஜிசி நிறுத்திவிட்டது. இதழின் தரத்தை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பட்டியலைப் பார்த்து நம்புவது போய், கட்டுரையைப் படித்துத் தீர்மானிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. அதற்கான பயிற்சியை எந்தப் பாடத்தாளில் கொடுக்கிறோம்?

மேற்கு வங்கத்தில் 2023-24 கல்வியாண்டில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் தொடங்கியது. நான்காம் ஆண்டில் ஆய்வு செய்ய ஒரு வழியும் உண்டு. நான்காண்டுப் பட்டம் நல்லதா என்பது பெரிய விவாதம். அதற்குள் இந்த மடலில் போகப்போவதில்லை. ஆனால் அது எங்களை ஒரு கேள்வியின் முன் நிறுத்தியது: முர்ஷிதாபாத்திலிருந்தும் மால்டாவிலிருந்தும் சுந்தரவனத் தீவுகளிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகளிடம், இருபது வயதில், ஓர் ஆய்வுக்கட்டுரையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? தனியாகக் கொடுத்தால் பயந்துவிடுகிறார்கள். கூட்டமாக உட்காரவைத்துக் கொடுத்தால் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நகரத்துக்கு இதில் ஒரு பழைய பாரம்பரியம் இருக்கிறது. நியூ டவுனில் பஸ் ஏறினால் ராஜாபஜார் அறிவியல் கல்லூரிக்குப் போய்விடலாம். அதை உருவாக்கிய அசுதோஷ் முகர்ஜி 1916-இல் இரண்டு இளைஞர்களை அழைத்தார். 1915-இல் எம்.எஸ்சி. தேர்வில் முதலாவதாக வந்தவர் சத்யேந்திரநாத் போஸ். இரண்டாவது மேகநாத் சாகா. ஐரோப்பாவில் புதிய இயற்பியல் பிறந்துகொண்டிருந்தது. அதை இங்கே கற்பிக்க ஆளில்லை. நீங்களே படித்து நீங்களே கற்பியுங்கள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பணி. உலகப் போரால் இதழ்கள் வருவது நின்றுபோயிருந்தது. ஷிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த பேராசிரியர் ப்ரூல் தம்மிடம் இருந்த ஜெர்மன் நூல்களைக் கொடுத்தார். பிளாங்க், போல்ட்ஸ்மன் எல்லாம் அப்படித்தான் அவர்கள் கைக்கு வந்தார்கள். ஜெர்மன் மொழியையும் இயற்பியலையும் ஒரே மூச்சில் இருவரும் கற்றார்கள். ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் மூலக் கட்டுரைகளை அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் முன்னுரை எழுதினார். 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. சார்பியலின் மூலக் கட்டுரைகளுக்கு வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஒன்று, இருபத்தைந்து வயதையொட்டிய இந்த இளம் ஆசிரியர்கள் சேர்ந்து வாசித்ததன் விளைவு.

அதோடு நிற்கவில்லை. சாகா எம்.எஸ்சி. வகுப்புக்கு வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எக்கெர்ட் என்ற ஜெர்மானியரின் கட்டுரை ஒன்றைப் படித்தார். விண்மீன்களுக்குள் அணுக்கள் அயனியாவதை வேதியியல் சமன்பாட்டைக் கொண்டு எக்கெர்ட் கணக்கிட்டிருந்தார். வழி சரிதான். ஆனால் கணக்குக்குத் தேவையான அயனியாக்க ஆற்றலுக்கு அவர் ஊகித்த மதிப்பைப் போட்டிருந்தார். அந்த எண்ணை ஆய்வகத்தில் அளந்தே பெற முடியும் என்பது சாகாவுக்குத் தெரியும். அதைத்தான் அவர் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஒரே இடத்தில் கை வைத்தார். 1920-இல் சாகா சமன்பாடு வந்தது. விண்மீன்களின் நிறமாலையிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறியும் வழி அதிலிருந்து திறந்தது. பிறர் எழுதிய கட்டுரையில் பலவீனமான ஒரு வரியைக் கண்டுபிடித்ததில் தொடங்கிய கதை இது. கட்டுரையைப் படிக்கும் முறை என்று என் மாணவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்: எந்த எண் அளந்தது, எந்த எண் ஊகித்தது என்று முதலில் பிரியுங்கள்.

போஸின் கதையும் அப்படியே. 1921-இல் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிளாங்க் விதியை வகுப்பில் தருவிக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நெருடல். பாதி வழி பழைய மின்காந்தக் கொள்கையிலும் மறுபாதி புதிய குவாண்டம் கொள்கையிலும் நடந்து போகும் அந்தத் தருவிப்பை மாணவர்கள் முன் நின்று சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1924-இல் சாகா டாக்காவுக்கு வந்து அவர் வீட்டில் தங்கினார். பௌலியும், ஐன்ஸ்டைன்-ஏரன்ஃபெஸ்ட் இருவரும் அப்போது புதிதாக எழுதியிருந்த கட்டுரைகளைச் சாகாதான் அவருக்குச் சுட்டிக்காட்டினார். நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி போஸ் ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார்; கூடவே தம் கட்டுரையையும் அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிடவைத்தார். அச்சில் நான்கே பக்கம். குவாண்டம் புள்ளியியல் அங்கிருந்து தொடங்குகிறது. தனிமேதை என்ற பிம்பத்தை நம் பாடப்புத்தகங்கள் போஸின் மேல் பூசியிருக்கின்றன. பூச்சை எடுத்துப் பார்த்தால் தெரிவது ஒரு வகுப்பறை, ஒரு நண்பர், மேசைமேல் சில கட்டுரைகள்.

இது வங்காளத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் 1957-58-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் இருந்துவிட்டுத் திரும்பினார். அங்கே கண்ட கருத்தரங்குச் சூழல் இங்கே இல்லை என்பது அவரை வாட்டியது. மயிலாப்பூரில் தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸிலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கினார். இளம் மாணவர்கள் அந்த வீட்டில் கூடி அப்போது வெளிவந்துகொண்டிருந்த துகள் இயற்பியலைப் படித்தார்கள், விவாதித்தார்கள். 1960 ஜனவரியில் சென்னைக்கு வந்த நீல்ஸ் போர் அந்தச் சிறு குழுவைப் பார்த்து வியந்து பேசினார். 1962 ஜனவரி 3 அன்று அது கணித அறிவியல் நிறுவனமாக உருவெடுத்தது. இன்று தரமணியில் இருக்கும் அதே மேட்சயன்ஸ்தான். கட்டடம் பிறகு வந்தது. வாசிப்பு முதலில் வந்தது.

இன்னும் பின்னால் போனால் கும்பகோணம். 1880-இல் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்விகளுக்குப் பிறகுதான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணிக்குள் இறங்கினார். தம் ஆசிரியரான மகாவித்துவானிடம் அத்தனை நூல் பாடம் கேட்டவருக்கும் அந்த நூல் எட்டவில்லை. இருவரும் சேர்ந்து படித்தார்கள். பொருள் விளங்காத இடங்களை எடுத்துக்கொண்டு சாமிநாதையர் அந்த ஊர்ச் சமணர்களிடம் போய்க் கேட்டார். அவர்களுக்கோ அது வாழ்க்கையில் புழங்கும் செய்தி. 1887-இல் பதிப்பு வந்தது. தெரியாததை இன்னொருவரோடு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்வது நமக்கு வெளியிலிருந்து வந்த வழக்கமில்லை. கல்லூரிக்குள் அதற்கு ஒரு மணி நேரம் இல்லாமல் போனதுதான் பிற்காலத்தில் வந்த வழக்கம்.

இனி, எப்படி நடத்துவது என்பது. முதலில் ஒரே ஒரு கட்டுரையை வைத்து விளக்குகிறேன். சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் கொல்கத்தாவிலிருந்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிய குறிப்பு. 1928 பிப்ரவரி 16 எனத் தேதியிட்டது, மார்ச் 31 இதழில் வந்தது. ஒரு பக்கம்கூட நிறையாது. ஒருவர் திருச்சியில் பிறந்தவர், மற்றவர் வத்திராயிருப்புக்காரர். பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் வேலை செய்தார்கள். ராமன் விளைவைப் பற்றி எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் நிறமாலைக் கோடுகளை வரைந்துவிடுவார்கள். இந்தக் குறிப்பைக் கையில் கொடுத்தால் முதலில் திகைப்பார்கள். கோடு இல்லை. வரைபடம் இல்லை. சூரிய ஒளியைத் தொலைநோக்கியின் லென்சால் குவித்து, நீல வடிகட்டி வழியே திரவத்துக்குள் அனுப்பி, சிதறிவரும் ஒளியைப் பச்சை-மஞ்சள் வடிகட்டி வழியே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்தால் ஒளி வெளியே வரக் கூடாது. ஆனாலும் வருகிறது. ஏறத்தாழ அறுபது திரவங்களில் பார்த்தார்கள்; எல்லாவற்றிலும் வருகிறது.

இங்கே வகுப்பை நிறுத்துங்கள். "இது வெறும் ஒளிர்வு இல்லை என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். குறிப்பிலேயே பதில் இருக்கிறது: அந்த ஒளி மிக மங்கலானது, அதோடு தளவிளைவு கொண்டது, சாதாரண ஒளிர்வில் அத்தகைய தளவிளைவை எதிர்பார்க்க முடியாது. அந்த வாக்கியத்தை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். இன்னொருவர் அது போதுமா என்று கேட்பார். அந்தக் கணத்தில் வகுப்பு மாறிவிடும். நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு, "அடுத்து நீங்களாக இருந்தால் என்ன சோதனை செய்வீர்கள்?" என்று கேளுங்கள். நிறமாலைமானி என்று பதில் வரும். பிப்ரவரி 28 அன்று ராமன் அதைத்தான் செய்தார் என்று அப்போது சொல்லுங்கள். தேசிய அறிவியல் நாளாகப் பள்ளியில் கொண்டாடிய தேதி எதற்காக வந்தது என்பது அவர்களுக்கு அன்றுதான் விளங்கும்.

நியூயார்க் நகரக் கல்லூரியில் சாலி ஹாஸ்கின்ஸ் என்பவர் உயிரியல் மாணவர்களுக்காக இதை ஒரு முறையாகவே வளர்த்தார். ஒரே ஆய்வகத்திலிருந்து அடுத்தடுத்து வந்த நான்கு கட்டுரைகளை வரிசையாகப் படிக்கவைப்பார். ஒன்றை முடித்ததும், அடுத்தது கையில் வருவதற்குள், அடுத்த சோதனையை மாணவர்களே வடிவமைக்க வேண்டும். கடைசியில் கட்டுரை எழுதியவர்களுக்கே மாணவர்கள் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். மருத்துவத்தில் இந்த வழக்கம் இன்னும் பழையது. மான்ட்ரியலில் வில்லியம் ஆஸ்லர் 1875-இல் இதழ் வாசிப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். தனியாக வாங்க முடியாத இதழ்களைக் கூட்டாக வாங்கிப் படிப்பது அதன் நோக்கம்.

வகுப்பில் அறுபது பேர் இருந்தால் என்ன செய்வது என்பீர்கள். ஐந்தைந்து பேராகப் பிரித்துவிடுங்கள். முதல் வாரம் கட்டுரையைக் கொடுக்காதீர்கள். படங்களை மட்டும் விளக்கக் குறிப்பு இல்லாமல் ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து, இது எதைக் காட்டுகிறது என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கணினி இருக்கிற இடத்தில் பெருசால், ஹைப்பாதெசிஸ் போன்ற மென்பொருள்களில் எல்லோரும் ஒரே பக்கத்தின் ஓரத்தில் குறிப்பெழுதலாம். இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக எடுத்து மேசை நடுவில் வைத்தால் போதும். ஐந்து பேனாக்களும் ஒரே தாளில் ஓட வேண்டும். மதிப்பெண்ணைப் பதிலுக்குக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொருவரும் வகுப்பு முடிந்ததும் எழுதிக்கொடுக்கும் ஒரு கேள்விக்குக் கொடுங்கள். அகமதிப்பீட்டில் அதற்கு இடம் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தடையே இல்லை.

மொழி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும். விவாதம் தமிழில் நடக்கட்டும். இங்கே என் மாணவர்கள் வங்காளத்தில்தான் வாதாடுகிறார்கள். தாய்மொழியில் அறிவியல் கற்பிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடிய போஸ் 1948-இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தைத் தொடங்கிய ஊர் இது. யாரையும் எழுப்பி உரக்க ஆங்கிலம் வாசிக்கச் சொல்லாதீர்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை அந்த ஒரு நிமிட அவமானத்தில் ஒரு பருவம் முழுவதும் வாய்மூடிவிடும். படத்தில் கோடு ஏன் வளைகிறது என்று தமிழில் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதப் பிறகு கற்றுக்கொடுக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சுருக்கம் வாங்கிக்கொண்டு வருகிறார்களே என்ற கவலை எனக்கும் உண்டு. அதற்கு என் பதில் 2018-இல் நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர், தங்கமும் வெள்ளியும் சேர்ந்த நுண்பொருளில் அறை வெப்பநிலையை ஒட்டி மீக்கடத்தலைக் கண்டதாக அந்த ஜூலையில் ஆர்க்கைவில் கட்டுரை இட்டார்கள். உலகமே அதைப் படித்தது. எம்ஐடியில் இருந்த பிரையன் ஸ்கின்னர் ஒரு படத்தை உற்றுப் பார்த்தார். வெவ்வேறு காந்தப்புலத்தில் எடுத்த இரண்டு அளவீடுகளில், ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டிய இரைச்சல் புள்ளிக்குப் புள்ளி ஒன்றுபோல இருந்தது. அது ஏன் என்று அவர் கேட்ட கேள்வி அந்தக் கட்டுரை மீதான விவாதத்தையே திருப்பிவிட்டது. சுருக்கத்தில் அந்தப் புள்ளிகள் வராது. அந்தப் படத்தை அச்செடுத்து, ஒன்றும் சொல்லாமல் உங்கள் மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள மேசையில் ஒருவர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

அறிவியல் துறைக்காரன் என்பதால் இயற்பியலைச் சொன்னேன். வரலாற்றுத் துறையினர் புகளூர்க் கல்வெட்டுகளில் சேர மன்னர்களை ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்ட கட்டுரையை எடுக்கலாம். எழுத்து எழுத்தாக வாதம் நகர்வதை மாணவர்கள் பார்ப்பார்கள். பொருளியலில், கில்பர்ட் ஸ்லேட்டரின் சென்னை மாணவர்கள் 1916-இல் ஆராய்ந்த இருவேல்பட்டு கிராமம் இருக்கிறது; 2008 வரை அந்த ஊருக்கு ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் போயிருக்கிறார்கள். முதல் அறிக்கையையும் கடைசிக் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அந்த வட்டாரத்திலிருந்து வரும் மாணவர் எந்த ஆசிரியரையும்விட அதிகம் சொல்லக்கூடும்.

ஒரு தயக்கம் மீதி இருக்கும். அதை வெளியில் யாரும் சொல்வதில்லை. கட்டுரையில் எனக்கே புரியாத இடம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் அது. "எனக்கும் இது தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றை ஆசிரியர் எப்படி அணுகுகிறார் என்று பார்ப்பதற்கு மாணவர்களுக்கு வேறு எந்த வகுப்பிலும் வாய்ப்பில்லை. ராஜாபஜாரில் 1916-இல் வகுப்பெடுக்கப் போன இருவருக்கும் பாடம் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை.

வரும் பருவத்துக்கான கால அட்டவணை போடும்போது, பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திருக்காமல், நூலகத்துக்கு என்று எழுதி யாரும் போகாமல் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ராமன்-கிருஷ்ணன் குறிப்பை அச்செடுத்துக் கொடுங்கள். முடிந்ததும், உங்கள் மாணவர்கள் எழுதிக்கொடுத்த கேள்விகளில் உங்களால் பதில் சொல்ல முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்துக் கல்லூரியின் அதே துறைக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
நியூ டவுனில் பணியாற்றும் ஓர் இயற்பியல் ஆசிரியர்